மனுசன் சிலுப்பினா செல்லுமா?

தம்பி, அந்தக் கூடார முளையைப் பிடுங்கிடுங்க. ஆறாம் நம்பர் இடம் எங்களுது. கல்லுல ஆறுன்னு பெயிண்டுல எழுதியிருக்கு பாருங்க, அதுக்குக் கீழ மஞ்சள் தடவியிருக்கும், அது நாங்க தடவினது. பஞ்சாயத்துல உங்களுக்கு ரசீது போட்டுக் குடுத்திருப்பாங்க. போட்டுக் குடுத்தவனுக்கு எங்க வழக்கம் தெரியாது. ஏழும் எட்டும் காலியாத்தான் கெடக்கு. அங்க நெழலு இதைவிட நல்லாருக்கும், கடல்காத்தும் நேரா வரும். பிடுங்குங்க. நான் கோவத்துல சொல்லல, நல்லவிதமாத்தான் சொல்றேன். நான் கோவக்காரன் இல்ல.

போன வருசமும் இப்படித்தான் ஆச்சு. இதே வைகாசி. நாங்க இருபத்தாறு பேரு வேன்ல வந்து எறங்குறோம், அண்டா, தார்ப்பாய், வெறகு, கிடா எல்லாத்தோடயும். ஆறாம் நம்பர்ல ஒரு மெட்ராஸ்காரரு நீலக் கலர்ல கூடாரம் அடிச்சு, உள்ள காத்தடிச்ச மெத்தை போட்டுப் படுத்திருக்காரு. நான் என்ன செஞ்சேன்? கும்பிட்டேன். "சார், இது எங்க கொலதெய்வத்துக்கு நேர் எதிர் எடம், மூணு நாளைக்கு மட்டும் விட்டுக்குடுங்க"ன்னு கேட்டேன். அவரு ரசீதைக் காட்டினாரு. ரெண்டாந்தடவையும் கேட்டேன். மறுபடியும் ரசீதைக் காட்டினாரு. ஒரு மனுசன் எத்தனை தடவை கேப்பான்? கூடாரத்துக் கம்பி ஒண்ணை உருவி அவரு முழங்கைக்குக் கீழ ஒரே ஒரு போடு. அலுமினியக் கம்பி, வளைஞ்சுடுச்சு, அதுக்கு மேல அடிக்க வாகு இல்ல. அப்புறம் அவங்களாவே பத்தாம் நம்பருக்குப் போயிட்டாங்க. சொல்ற விதத்துல சொன்னா எல்லாரும் கேப்பாங்க.

பிடுங்கிட்டீங்களா? நல்லது. உக்காருங்க ரெண்டு பேரும். அந்த அடிபம்புத் தண்ணியைக் குடிச்சுப்புடாதீங்க, வாயில வைக்க முடியாது, ஒரே உப்பு. என் கொடத்துல நல்ல தண்ணி இருக்கு, மொண்டுக்குங்க.

என் பேரு பக்கிரிசாமி. உப்பளத்துல முப்பது வருசம் மேஸ்திரி. எங்க ஆளுங்க எல்லாரும் நாளைக்குத்தான் வர்றாங்க. நான் ஒண்டியா முன்கூட்டி வந்து எடத்தைக் கூட்டி, முள்ளு பொறுக்கி வைக்கிறேன். வெளக்கமாறு என் கையில. போன வருசம் வரைக்கும் இந்தக் கையில இருந்தது அருவா. அதைப் பத்தித்தான் உங்ககிட்ட ஒரு ஞாயம் கேக்கணும். படிச்சவரு மாதிரி தெரியுறீங்க, எங்க ஆளும் இல்ல, அதனால ஓரவஞ்சனை இல்லாம சொல்லுவீங்க. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். மனுசன் சிலுப்பினா அது செல்லுமா, செல்லாதா?

முழிக்காதீங்க, சொல்றேன்.

அதோ வேலிக்கு அந்தாண்ட, அந்தப் பாலை மரத்தடியில ஒரு கல்லு நட்டு வேட்டி சுத்தியிருக்குல்ல, அதுதான் மணக்காட்டு முனியன். எங்க வகையறாவுல கல்யாணம் பேசினா ஜாதகம் பாக்குறதில்ல. பொண்ணு வூடும் மாப்பிள்ளை வூடும் இங்க வந்து மூணு நாள் தங்கணும். கிடாவைக் குளிப்பாட்டி முனியனுக்கு நேரா நிறுத்தி, "இந்தச் சம்பந்தம் ஒனக்குப் பிடிச்சிருக்கா?"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேட்டு, பூசாரி மஞ்சத்தண்ணியை அது மேல ஊத்துவாரு. கிடா உடம்பைச் சிலுப்பணும். தலையிலேர்ந்து வாலு வரைக்கும் ஒரு உதறு. சிலுப்பிட்டா உத்தரவு. பொம்பளைங்க குலவை போடுவாங்க, நான் வெட்டுவேன். மூணாம் நாள் உச்சிவேளை வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள சிலுப்பலன்னா கிடாவையும் ஓட்டிக்கிட்டு, சம்பந்தத்தையும் விட்டுட்டு, பேசாம வூட்டுக்குப் போயிடணும். சிலுப்பினாலும் சரி, சிலுப்பலன்னாலும் சரி, அதுக்கப்புறம் எவனும் வாயைத் தொறக்கக் கூடாது.

வாயில்லாத ஜீவன் பாருங்க. அதுகிட்ட சம்மதம் கேக்காம கழுத்துல கத்தி வைக்கிறது பாவம். எங்க வழக்கத்துல எனக்குப் பிடிச்சதே அதுதான். பத்தொம்பது வருசம் நான்தான் வெட்டினேன். ஒரு தடவகூட ரெண்டாவது வெட்டு வெட்டினதில்ல. தலை போயி மண்ணுல விழும், கண்ணு ரெண்டும் கொஞ்ச நேரம் நம்மளையே பாக்கும், உடம்பு நின்ன எடத்துலயே நிக்கும். அப்புறம்தான் கால் மடங்கும். தங்கச்சி, மூஞ்சியைத் திருப்பிக்காதீங்க, இதெல்லாம் சாமி காரியம்.

போன வருசம் எம் பொண்ணு சிவரஞ்சனிக்காக வந்தோம். ஒரே பொண்ணு. தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸு. மாப்பிள்ளை எங்க அக்கா ருக்குமணி மகன், புகழேந்தி. இறால் குட்டை வச்சிருக்கான். முப்பத்தஞ்சு வயசு. ரெண்டாந்தாரம்தான், நான் எதையும் மறைக்கல. மொதப் பொண்டாட்டி மாவுக்கட்டுக் கையோட அவங்கப்பன் வூட்டுக்குப் போனவதான், திரும்பி வரல. கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டான்னு நாங்க இத்தனை பேரும் சொல்றோம், அவ மட்டும் போலீசுல வேற மாதிரி எழுதிக்குடுத்தா. புகழேந்திக்குச் சட்டுனு கை நீளும், அவ்வளவுதான். என்னை மாதிரி. நெஞ்சுல ஒண்ணும் வச்சுக்க மாட்டான்.

ரஞ்சனிகிட்ட கேட்டீங்களாங்குறீங்க. இது என்ன கேள்வி தம்பி? அவளுக்குத்தானே இவ்வளவு ஏற்பாடும். கோயிலுக்கு வான்னு சொன்னேன், லீவு போட்டுட்டு வந்தா. வேன்ல புகழேந்தியைப் பாத்ததுமே அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. இங்க வந்து எறங்கினதும் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "எனக்கு இவன் வேணாம்ப்பா. அந்த அக்கா கையை முறிச்சவன்ப்பா"ன்னு அழுதா. "அதை முடிவு பண்ண நீ யாரு, நான் யாரு? முனியன் சொல்லட்டும்"னேன். நான் என்ன என் இஷ்டத்துக்கா பண்ணினேன்? சாமிகிட்டதானே விட்டேன்?

எம் பொண்டாட்டி இந்திராணி பக்கத்துலதான் கல்லடுப்பு மூட்டிக்கிட்டு இருந்தா. குனிஞ்சு அடுப்பை ஊதினா. இருபத்தேழு வருசத்துல அவ என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. தங்கமான பொம்பளை. அடிச்சிருக்கேன், இல்லன்னு சொல்லல. ஒரு தடவை காதுல விட்டதுல சவ்வு கிழிஞ்சுடுச்சு. ஆனா மறுநாளே காரைக்காலுக்குக் கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாத்தவன் யாரு? நான்தான். அதை மட்டும் எவனும் சொல்ல மாட்டான்.

மொத நாளு பந்தல் போடுறதுல போச்சு. ரெண்டாம் நாள் காலையில தண்ணி ஊத்தினோம். கிடான்னா அப்படி ஒரு கிடா, கருகருன்னு, மூணு வருசம் வளத்தது. பூசாரி ஆறுமுகம் கேட்டாரு, ஊத்தினாரு. அது பாட்டுக்கு நிக்குது. மறுபடி ஊத்தினாரு. தலையைத் தூக்கி பாலை மரத்து எலையைப் பாக்குது. மூணாவது தடவை. ஒரு சிலிர்ப்புகூட இல்ல. எம் மச்சான் தனபாலு, இந்திராணிக்குத் தம்பி, பின்னால நின்னுக்கிட்டு சொல்றான், "விட்டுருங்க அத்தான், ஆட்டுக்குத் தெரியுது மாப்பிள்ளை லட்சணம்"ங்குறான். எல்லாரும் சிரிச்சாங்க. புகழேந்தி சிரிக்கல. நானும் சிரிக்கல. நான் மெதுவா அடுப்புக்குப் போனேன், ஒரு சவுக்குக் கட்டையை எடுத்தேன், வந்தேன், தனபாலு மண்டையில ஒண்ணு வச்சேன். மண்டை பொளந்து மூக்கு வழியா ரத்தம் எறங்கி வேட்டியெல்லாம் ஊறிப்போச்சு. வேதாரண்யம் கொண்டுபோயி ஏழு தையல் போட்டாங்களாம். எட்டோ. சாமி எடத்துல சிரிக்கலாமா தம்பி? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல.

சாயங்காலம் மறுபடி ஊத்தினோம். இல்ல. அப்ப புகழேந்தி எங்கிட்ட வந்து, "மாமா, காதுல ஊத்தச் சொல்லுங்க"ன்னான். அது ஒரு தந்திரம். காதுக்குள்ள தண்ணி போனா எந்த ஆடா இருந்தாலும் ஒதறும். பூசாரிகிட்ட சொன்னேன். "அது சாமியை ஏமாத்துறது பக்கிரி, நான் மாட்டேன்"னாரு. என்னைவிட வயசுல பெரியவரு, அதனால ஓங்கி அடிக்கல. சும்மா ஒரு அறை, அதுவும் பொறங்கையால. செம்பைக் கீழ போட்டுட்டாரு. நானே எடுத்து ரெண்டு காதுலயும் ஊத்தினேன். கிடா என்னைத் திரும்பிப் பாத்துச்சு. பாத்துட்டு அசை போட ஆரம்பிச்சுடுச்சு.

எனக்கு உள்ளுக்குள்ள பயம் வந்துடுச்சு தம்பி, அதையும் சொல்லிடுறேன். அக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். மறுநாள் உச்சி தாண்டினா எல்லாம் போச்சு. இருபத்தாறு பேரு முன்னால எம் பேச்சு தோத்துப்போன மாதிரி ஆயிடும். அப்படி ஒண்ணு என் ஆயுசுல நடந்ததில்ல.

மூணாம் நாள் காலையில கிடாவைத் தடவிக் குடுக்கலாம்னு முதுகுல கை வச்சேன். கை வழுக்குது. மோந்து பாத்தா வெளக்கெண்ணெய். முடியெல்லாம் நல்லா ஊற ஊறத் தேச்சிருக்கு, தண்ணி ஒட்டவே ஒட்டாது. கெட்டியா புடிச்சுக்கிட்டு காதுக்குள்ள வெரலை விட்டேன். பஞ்சு. ரெண்டு காதுலயும் பந்து பந்தா பஞ்சு, எண்ணெயில தோச்சு அடைச்சு வச்சிருக்கு.

புகழேந்தி அதைப் பாத்ததும், "பஞ்சு யாரு கையில இருக்கும்? நர்ஸம்மா கையிலதான் இருக்கும்"னான். நேரா பொம்பளைங்க தார்ப்பாய்க்குள்ள பூந்து ரஞ்சனியோட பையை ஒதைச்சான். உருண்டு வந்துச்சு ஒரு பஞ்சு ரோலு, பாதி தீந்துபோயி. அவ வாயைத் தொறக்குறதுக்குள்ள கன்னத்துல மாறி மாறி ரெண்டு வச்சான். எனக்கு அது பிடிக்கல. தகப்பன் நான் உசுரோட நிக்கையில அவன் எப்படிக் கை வைக்கலாம்? கல்யாணத்துக்கு அப்புறம் அவன் பாடு, அது வேற. அவனைப் பிடிச்சுத் தள்ளிட்டு நான் அவ முடியைப் பிடிச்சேன்.

இங்கேருந்து அந்தக் கல்லு வரைக்கும் இழுத்துட்டுப் போனேன். பாத்தீங்கல்ல வழியை, பூரா சங்கமுள்ளு. அவ முழங்கால் கிழிஞ்சு மணலோட ஒட்டிப்போச்சு. உதடு ஒடைஞ்சிருந்துச்சு. ஒருத்தரும் குறுக்க வரல. தனபாலு இருந்தா வந்திருப்பான், அவன்தான் ஆஸ்பத்திரியில கெடந்தானே. கிடாவைச் சீயக்கா போட்டு மூணு தடவ தேய்க்கச் சொன்னேன். பஞ்சைப் பிடுங்கி எறிஞ்சேன். பூசாரிகிட்ட, கொடம் நெறைய மஞ்சத்தண்ணி கலக்கி வைய்யான்னேன். அவரு கன்னம் வீங்கியிருந்துச்சு, கலக்கி வச்சாரு.

அப்ப மணி பதினொண்ணே முக்கால். ஒரு கையில எம் பொண்ணு முடி, ஒரு கையில அருவா. மண்டி போட வச்சு, "பாரு, இப்ப சிலுப்பும். சிலுப்பினதும் இங்கயே தாலி"ன்னேன். அவ வாயிலேர்ந்து ரத்தத்தைத் துப்பிட்டு, எங்க அக்கா, பெரியப்பன், சித்தப்பன் எல்லாரும் கேக்குற மாதிரி சொன்னா. "சிலுப்பினாலும் கட்ட மாட்டேன். வெட்டுறதுன்னா என்னை வெட்டிக்கோ"ன்னா.

வெட்டணும்னு நான் நெனைக்கல தம்பி. சத்தியமா நெனைக்கல. கையில இருந்துச்சு, கை மேல போயிடுச்சு. பத்தொம்பது வருசப் பழக்கம், தோள்பட்டை தானாத் தூக்குது. அவ கண்ணை மூடல, என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. கீழ வந்திருக்குமா, வந்திருக்காதா, அது எனக்கே தெரியாது.

உங்க வீட்டம்மா ஏன் பையைத் திரும்பக் கட்டுறாங்க? உக்காரச் சொல்லுங்க. இனிமேதான் ஞாயமே இருக்கு.

பின்னாலேருந்து ஒரு சத்தம். "மணக்காட்டு முனியா, எம் பொண்ணை விட்டுடச் சொல்றியா?"ன்னு. அடிவயித்துலேருந்து வர்ற கத்தல். யாரு குரல்னே எனக்குப் புரியல. இருபத்தேழு வருசமா அந்தக் குரலை அந்த உசரத்துல நான் கேட்டதில்ல. அடுத்த நிமிசம் கொடம் தண்ணியும் என் தலையில. அந்த வேக்காட்டுல, வேர்த்து விறுவிறுத்து நிக்கிறவன் மேல, மண்கொடத்துக்குள்ள கெடந்த சில்லுத் தண்ணி. பொடனியில எறங்கி முதுகுத் தண்டு வழியாப் போச்சு. நான் என்ன செய்ய முடியும்? உடம்பு தானா ஒதறிடுச்சு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரே ஒதறு, அவ முடியைப் பிடிச்ச கையும் விட்டுப்போச்சு. என் முடியிலேருந்த தண்ணி எங்க அக்கா மூஞ்சியில போயி தெறிச்சுது.

எல்லாரும் "ஹா"ன்னாங்க. எங்க சித்தி செங்கமலம்னு ஒண்ணு, தொண்ணூறு வயசு, பார்வை சுத்தமா கெடையாது. தண்ணி ஊத்துற சத்தமும் கேட்டுச்சு, ஜனம் "ஹா"ங்குற சத்தமும் கேட்டுச்சு. கிடாதான் சிலுப்பிடுச்சுன்னு நெனைச்சு கெழவி எடுத்து விட்டா பாருங்க குலவையை. அவ போட்டதும் பழக்க தோசத்துல இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க சேந்து போட்டாளுங்க. காடே அதிருது.

குலவை அடங்கினதும் இந்திராணி காலிக் கொடத்தைக் கீழ வச்சா. வச்சுட்டு கூட்டத்தைப் பாத்துப் பேசினா. "கிடாவுக்கு எண்ணெய் தடவினதும் நான்தான், பஞ்சு வச்சதும் நான்தான். எம் பொண்ணு என்னைக் காட்டிக்குடுக்காம பழியை ஏத்துக்கிட்டா. ஆனா இவருக்கு யாரும் எண்ணெய் தடவல. இவரு காதுல யாரும் பஞ்சு வைக்கல. வேணும்னா வந்து பாத்துக்கங்க. சுத்தமாச் சிலுப்பியிருக்காரு. உத்தரவா இல்லையா, பூசாரி சொல்லட்டும்"னா.

பூசாரி கன்னத்தைத் தடவிக்கிட்டே நின்னாரு. அந்த அறையை மனசுல வச்சுக்கிட்டாரு தம்பி, அதுதான் விசயம். வேற ஒண்ணும் இல்ல. கல்லைத் திரும்பிப் பாத்தாரு. "கேட்டது முனியன்கிட்ட. ஊத்தினது முனியன் கொடம். சிலுப்பியாச்சு, குலவையும் விழுந்தாச்சு. உத்தரவுதான்"னாரு.

புகழேந்தி பாஞ்சு வந்தான் ரஞ்சனி மேல. அவனைத் தடுத்தது யாருங்குறீங்க? அவனைப் பெத்தவ. எங்க அக்கா. "சாமி சொல்லிடுச்சு, அவளைத் தொட்டா கை வெளங்காதுடா, தள்ளி நில்லு"ன்னு மகனைப் பிடிச்சு இழுத்தா. எல்லாரும் பின்னால நகந்து வழி விட்டாங்க. இந்திராணி எம் பொண்ணைத் தூக்கி நிறுத்தினா, முந்தானையால வாயைத் தொடைச்சா. ரெண்டு பேரும் அதோ அந்தக் கேட்டு வழியா தார் ரோட்டுக்கு நடந்து போயிட்டாங்க. செருப்புகூட போடல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? இப்ப தஞ்சாவூர்ல ஒரு ரூம் எடுத்து ஆத்தாளும் மகளும் இருக்காங்களாம். போன் பண்ணினேன், எடுக்கல. நேரா போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல காவலுக்கு நிக்கிறவன் என்னை உள்ள விடல. ரெண்டு தட்டு தட்டினேன், போலீசு வரைக்கும் போச்சு, அது தனிக் கதை.

இப்ப சொல்லுங்க. அது சிலுப்புனதா? குளிரு. வெறும் குளிரு. உங்க மேல ஊத்தினாலும் நீங்களும் ஒதறுவீங்க. கிடாவுக்கு வச்ச வழக்கத்தை மனுசனுக்குச் செல்லும்னா எப்படி? என்கிட்ட யாராவது கேட்டாங்களா, ஊத்தட்டுமான்னு? என் சம்மதம்னு ஒண்ணு வேணாமா? நான் என்ன ஆடா?

நீங்களும் உங்க வீட்டம்மாவைத்தான் பாக்குறீங்க. எங்க ஆளுங்களும் அப்படித்தான், மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா அன்னைக்கு அவங்க ரெண்டு பேரும் கேட்டைத் தாண்டினதும் பூசாரி வந்து என் கையிலேருந்து அருவாளை வாங்கிட்டாரு. "முனியனுக்குச் சிலுப்பினவன் இதைத் தொடக் கூடாது"ன்னாரு. தூக்கிப் புகழேந்தி கையில குடுத்துட்டாரு. அன்னையிலேருந்து பந்தியில எனக்கு ரெண்டு பக்கமும் எலை போடுறதில்ல. சிலுப்பின கிடா மாதிரி சாமிக்குன்னு ஆனவனைத் தொட்டுக்கிட்டு எவன் உக்காருவான்? புகழேந்தி இப்பல்லாம் என்கிட்ட பேசும்போது மூஞ்சியைப் பாக்குறதில்ல. கழுத்தைத்தான் பாக்குறான்.

நாளைக்கு வர்றாங்க. பெரியப்பா பேத்திக்குச் சம்பந்தம். மறுநாள் காலையில தண்ணி ஊத்துவாங்க, புகழேந்தி அருவாளோட நிப்பான். நீங்க ஏழாம் நம்பர்லயே இருங்க தம்பி, போயிடாதீங்க. வெளியாளு ஒருத்தர் இருந்தா எனக்கும் ஒரு தெம்பா இருக்கும். நான் கல்லுப் பக்கமே போக மாட்டேன், இங்க உங்க பக்கத்துலயே இருந்துக்குறேன். தண்ணி தெறிக்கும் பாருங்க. ஒரு வருசமா நான் குளிக்கையிலகூட மூச்சை அடக்கிக்கிட்டு அசையாமத்தான் நிக்கிறேன்.